ஷூவைக் கழற்றினால் நாறுகிறதா? காலை மட்டும் கழுவிப் பிரயோஜனமில்லை

கோயமுத்தூர், திருப்பூர் பக்கம் யார் வீட்டுக்குப் போனாலும் ஷூவை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். "வாங்க வாங்க, உள்ள வந்து உக்காருங்க" என்று சொம்புத் தண்ணீரோடு கூப்பிடுகிறவர்களிடம் "இருக்கட்டுங்க, இங்கியே நின்னுக்கறேனுங்க" என்று நெளிகிறவர்கள் எல்லாம் கூச்ச சுபாவக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை சாக்ஸ். கழற்றினால் அந்த வீட்டுப் பொடுசு ஒன்று "அம்முச்சி, எங்கியோ எலி செத்துப் போச்சுங்களா?" என்று சத்தமாகக் கேட்டுவிடும். பெரியவர்கள் கேட்க மாட்டார்கள், எழுந்துபோய் ஃபேனைக் கூட்டி வைப்பார்கள், அது இன்னும் மோசம்.

இதற்கு வழி இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. ஆனால் நாற்றம் உண்டாவது காலில் என்றாலும் அது குடியிருப்பது ஷூவில் என்பதை முதலில் மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, நேற்றைய ஈரமே காயாத அதே ஷூவுக்குள் விட்டால் மத்தியானத்துக்குள் பழைய கதைதான். கால், சாக்ஸ், ஷூ மூன்றையும் ஒரே சமயத்தில் பிடிக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டுக்கும் செய்தது வீண்.

எங்கிருந்து வருகிறது

வியர்வைக்கு என்று தனியாக வாடை கிடையாது. பாதத்தின் அடியில் வியர்வைச் சுரப்பிகள் உடம்பின் மற்ற இடங்களைவிட நெருக்கமாக இருக்கின்றன. கை வியர்த்தால் காற்றில் காய்ந்துவிடும், கால் வியர்த்தால் எங்கே போகும்? ஷூவுக்குள்ளேயே நிற்கும். அந்த ஈரத்தில் அடிப்பாதத்தின் தடித்த தோல் ஊறும், ஊறிய செத்த தோலையும் வியர்வையையும் நம் தோலிலேயே எப்போதும் இருக்கிற பாக்டீரியா தின்னும். வியர்வையில் இருக்கும் லூசின் என்ற அமினோ அமிலத்தை ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற பாக்டீரியா உடைக்கும்போது ஐசோவேலரிக் அமிலம் வருகிறது. மூக்கைத் துளைக்கிற அந்தப் புளித்த வாடை பெரும்பாலும் இதுதான். பிரெவிபாக்டீரியம் என்று இன்னொரு வகை, அது கந்தகம் கலந்த நாற்றத்தை விடும். இதன் சொந்தக்கார பாக்டீரியாக்களை வைத்துத்தான் ஐரோப்பாவில் சில சீஸ் வகைகளைப் பழுக்க வைக்கிறார்கள், அதனால் அந்தச் சீஸும் கால் மாதிரியே நாறும், அதைக் காசு கொடுத்து வாங்கியும் சாப்பிடுகிறார்கள்.

ஆக, அழுக்குக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. வெறுங்காலோடும் டயர் செருப்போடும் காட்டுவேலை பார்த்த நம் அப்பிச்சிமார், அதாவது தாத்தாமார் காலில் வெடிப்பு இருந்தது, ஆணி இருந்தது, நாற்றம் இருந்ததா? காற்றுப் பட்டுக்கொண்டே இருந்த கால் அது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை குளிக்கிற ஐடி கம்பெனிப் பையனுக்கு நாறுகிறது, பழனிக்குப் பாதயாத்திரை நடந்து புழுதி அப்பிய காலுக்கு நாறுவதில்லை. பிரச்சினை ஈரமும் அடைப்பும்தான்.

கால்

குளிக்கும்போது மேலே போட்ட சோப்பு நுரை வழிந்து காலில் ஓடினால் அது கழுவினதாக ஆகாது. உட்கார்ந்து, சோப்பைக் கையில் எடுத்து, ஒவ்வொரு விரலிடுக்கிலும் கைவிரலை விட்டுத் தேய்க்க வேண்டும். குதிகாலிலும் முன்பாதத்திலும் பீர்க்கங்காய் நாரால் லேசாகத் தேய்த்தால் செத்த தோல் போகும், பாக்டீரியாவுக்கு அதுதான் சோறு. ரத்தம் வருகிற அளவுக்குத் தேய்க்கச் சொல்லவில்லை. சாதாரண சோப்பே போதும். நாற்றம் ரொம்ப அதிகம் என்றால் பென்சாயில் பெராக்சைடு கலந்த வாஷ், முகப்பருவுக்கு விற்கிறார்களே அதேதான், சில நாள் காலுக்குப் போட்டுப் பார்க்கலாம். துண்டில் பட்டால் வெளுத்துவிடும், அதனால் பழைய துண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கழுவுவதைவிட முக்கியம் துடைப்பது. இதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். காலையில் எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஈரக்காலிலேயே சாக்ஸை மாட்டினால், நாள் முழுக்க ஊறப்போட்ட மாதிரிதான். காலுக்கு என்று ஒரு மெல்லிய பருத்தித் துண்டு தனியாக வைத்துக்கொண்டு, விரலிடுக்கில் நுழைத்துத் துடையுங்கள், முக்கியமாகக் கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவில், அங்கேதான் ஈரம் நிற்கும். அப்புறம் இட்லி சாப்பிடும் நேரம் ஃபேனுக்கு அடியில் காலைக் காய விட்டுவிட்டு சாக்ஸ் போடுங்கள். அதே துண்டால் முகத்தைத் துடைக்காதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

சாக்ஸ்

நாட்டுக்கே பனியன் தைத்துக் கொடுக்கிற சீமையில் இருந்துகொண்டு, கடைவாசலில் தொங்குகிற வழவழ நைலான் சாக்ஸை வாங்குகிறவர்களை என்னவென்று சொல்வது. அது வியர்வையை உறிஞ்சவே உறிஞ்சாது, கால் உள்ளே வழுக்கிக்கொண்டே இருக்கும். நூறு சதம் பருத்தி என்றாலும் முழுத் தீர்வு இல்லை. பருத்தி நன்றாக உறிஞ்சும், ஆனால் உறிஞ்சினதை விடாது, ஈரத்தோடு அப்படியே காலை ஒட்டிக்கொண்டிருக்கும். ஆபீஸ் மாதிரி உட்கார்ந்த வேலைக்குப் பருத்தி அதிகமும் மற்ற நூல் கொஞ்சமும் கலந்த, சற்றுத் தடிமனான சாக்ஸ் போதும். ஓட்டம், ஜிம், நாள் முழுக்க நின்று பார்க்கிற வேலை என்றால் ஈரத்தை வெளியே தள்ளுகிற விளையாட்டு சாக்ஸ் வாங்கலாம், அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்க வேண்டி வரும்.

என்ன நூல் என்பதைவிட எத்தனை தடவை மாற்றுகிறீர்கள் என்பதுதான் விஷயம். காலையில் எடுத்து மோந்து பார்த்துவிட்டு "இன்னிக்கு ஒரு நாள் தாங்கும்" என்று மாட்டுகிற பழக்கம் இருக்கிறதே, அதை இன்றோடு விடுங்கள். சொந்த நாற்றத்துக்கு மூக்கு பழகிப்போயிருக்கும், அது சொல்வதை நம்ப முடியாது. திருப்பூரில் ஒண்ணரை ஷிப்டு பார்க்கிறவர்கள், அதாவது காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்கு வெளியே வருகிறவர்கள், சாப்பாட்டுப் பையில் இன்னொரு ஜோடியும் வைத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மாற்றிப் பாருங்கள். இதில் சொன்ன அத்தனையிலும் அதிகச் செலவில்லாமல் பெரிய வித்தியாசம் காட்டுவது இது ஒன்றுதான். சாக்ஸ் நிறைய வேண்டுமே என்றால், காதர்பேட்டைப் பக்கம் போகும்போது ஒரே நிறத்தில் ஒரு டஜன் வாங்கிப் போடுங்கள், ஜோடி தேடுகிற வேலையும் மிச்சம்.

துவைக்கும்போது உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட வேண்டும், தோலும் வியர்வையும் ஒட்டியிருப்பது உள்பக்கத்தில்தானே. துணி தாங்கும் என்றால் 60 டிகிரி சுடுதண்ணீரில் துவைப்பது நல்லது. துணிக்கு வாசனை ஏற்றுகிற திரவத்தை சாக்ஸுக்கு ஊற்றாதீர்கள், அது நூலின் மேல் படலமாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் குறைக்கும்.

ஷூ

இங்கேதான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். ஒரு நாள் போட்ட ஷூ உள்ளே முழுசாகக் காய ஒரு நாளாவது வேண்டும், நன்றாக நனைந்தது என்றால் இரண்டு நாள். அதனால் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவதுதான் அடிப்படை. ஒரு ஜோடியை நாலாயிரத்துக்கு வாங்குவதைவிட இரண்டு ஜோடியை ரெண்டாயிரம் ரெண்டாயிரத்துக்கு வாங்குவது புத்திசாலித்தனம், ஷூவும் கூடுதல் நாள் உழைக்கும்.

சாயங்காலம் வந்ததும் லேஸை முழுக்கத் தளர்த்தி, ஷூவின் நாக்கை வெளியே இழுத்து, உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தைச் சோலை (இன்சோல்) உருவி வெளியே வையுங்கள். வியர்வையில் பெரும்பகுதி அந்தச் சோலில்தான் இறங்கியிருக்கும். ஆடி மாதமாக இருந்தால் கவலையே இல்லை, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஜன்னலோரம் வைத்த எதையும் ராத்திரிக்குள் காய வைத்துவிடும், பறந்துபோகாமல் பார்த்துக்கொண்டால் சரி. ஐப்பசி அடைமழையில்தான் சிக்கல். அப்போது பழைய நியூஸ்பேப்பரைக் கசக்கி உள்ளே திணித்து, படுக்கப்போவதற்கு முன் ஒரு தடவை மாற்றினால் பாதி ஈரத்தைக் காகிதம் குடித்துவிடும். துணி ஷூவை வெயிலில் காயப்போடலாம். தோல் ஷூவை வேண்டாம், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தோல் வெடிக்கும், ஒட்டிய அடிச்சோல் பிரிந்துகொள்ளும். நிழலில், காற்றில் வையுங்கள்.

கதவு போட்ட ஷூ ரேக் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஈர ஷூவை அதற்குள் பூட்டுவது நாற்றத்தை வளர்ப்பதற்குச் சமம். இந்த விஷயத்தை ஆராய்ச்சி செய்தே பரிசு வாங்கியிருக்கிறார்கள். டெல்லிக்குப் பக்கத்தில் இருக்கும் சிவ நாடார் பல்கலைக்கழகத்து ஆசிரியர் ஒருவரும் அங்கே படித்த மாணவர் ஒருவரும், ஹாஸ்டல் பையன்கள் ஷூவை அறைக்கு வெளியே வரிசையாகப் போட்டு வைப்பதைப் பார்த்து, புற ஊதா விளக்கு வைத்த ஷூ ரேக் ஒன்றைச் செய்து சோதித்தார்கள். 2025-இல் இக் நோபல் கிடைத்தது, அதாவது முதலில் சிரிக்கவும் அப்புறம் யோசிக்கவும் வைக்கிற ஆராய்ச்சிக்குக் கொடுக்கிற பரிசு. சில நிமிஷ ஒளியே பாக்டீரியாவைக் கொல்லப் போதும் என்பது அவர்கள் கண்டது. இதைப் படித்துவிட்டு யாரும் ஆன்லைனில் விளக்கு வாங்கி வீட்டில் மாட்ட வேண்டாம், அந்த ஒளி கண்ணையும் தோலையும் கெடுக்கும்.

கைவசம் இருக்கிற எளிய சாமான் ஆப்ப சோடா. நாற்றமே அமிலம் என்று மேலே சொன்னேனே, சோடா காரம், இரண்டும் சேர்ந்தால் அமிலத்தின் வேகம் அடங்கும். ராத்திரி ஒவ்வொரு ஷூவிலும் ஒன்றிரண்டு ஸ்பூன் தூவிவிட்டு, காலையில் தட்டிக் கொட்டிவிட்டுப் போடலாம். தோல் ஷூவுக்கு அடிக்கடி செய்தால் தோல் வறண்டு போகும். உடம்புக்கு அடிக்கிற வாசனை ஸ்ப்ரேயை ஷூவுக்குள் அடிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். நாற்றம் போகாது, மல்லிகைப்பூவோடு கலந்து வேறு ஒன்றாக வரும்.

பவுண்டரி, சாயப்பட்டறை ஆட்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கம்பெனி கொடுக்கிற இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ பெரும்பாலும் ஒரு ஜோடிதான், இன்னொன்றை வாங்கு என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. அப்படியென்றால் மெத்தைச் சோலை மட்டும் இரண்டு ஜோடி வாங்கி, ஒன்று காயும்போது இன்னொன்றைப் போடுங்கள். கம்பூட், அதாவது உயரமான ரப்பர் பூட்ஸ் போடுகிறவர்களுக்கு உள்ளே காற்றே போகாது, டீ நேரத்தில் ஐந்து நிமிஷமாவது பூட்ஸைக் கழற்றிக் காலை வெளியே வைத்தால்கூட நல்லது. சாயத்தண்ணீரும் கெமிக்கலும் உள்ளே இறங்கிவிட்டால் ஷிப்டு முடியட்டும் என்று இருக்காமல் உடனே கழுவுங்கள், அது நாற்றத்தோடு நிற்காது, தோலையே அரித்துவிடும்.

வீட்டு வைத்தியம்: எது சரி, எது சும்மா

டீத்தண்ணி உருப்படியானது. இரண்டு ஸ்பூன் வால்பாறை டீத்தூளை அரை லிட்டர் தண்ணீரில் கால்மணி நேரம் கொதிக்க வைத்து வடிகட்டி, இரண்டு லிட்டர் பச்சைத்தண்ணீர் ஊற்றி ஆற வைத்து, இருபது நிமிஷத்திலிருந்து அரைமணி நேரம் வரை காலை உள்ளே வைத்திருக்க வேண்டும். தினமும் ஒரு வாரம். டீயில் இருக்கும் டானின் தோலை இறுக்கி வியர்வையைக் கொஞ்சம் குறைக்கும். ஆட்டுத்தோல், மாட்டுத்தோலைப் பதனிட நம் பக்கம் ஆவாரம்பட்டையைப் பயன்படுத்தினார்களே, அதில் வேலை செய்ததும் டானின்தான். பால், சர்க்கரை போட்ட மிச்ச டீயை ஊற்றாதீர்கள், எறும்புதான் வரும். கால் லேசாகப் பழுப்பேறும், பயப்பட வேண்டாம்.

வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு கலந்து கால்மணி நேரம் காலை வைப்பதும் பலருக்குக் கேட்கிறது. வெடிப்போ புண்ணோ இருந்தால் எரியும், அப்போது வேண்டாம். படிகாரமும் நல்லதுதான், சலூனில் சவரம் முடிந்ததும் தேய்க்கிற அதே கல். அது அலுமினிய உப்பு, தோலைச் சுருக்கும். கழுவின ஈரப் பாதத்தில் தேய்த்துக் காய விடுங்கள்.

மஞ்சள் பூசச் சொல்லுவார்கள். 2019-இல் ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான், ஆனால் அதைப் பூசிக்கொண்டு ஷூ போட்டால் சாக்ஸ் மஞ்சளாகும், நாற்றம் அப்படியே இருக்கும். தேங்காயெண்ணெயை ராத்திரியில் குதிகால் வெடிப்புக்குப் பூசலாம், விரலிடுக்கில் வேண்டாம், அங்கே காய்ந்திருப்பதுதான் நமக்கு வேண்டும். டெட்டாலை நேரடியாக ஊற்றிக் காலைக் கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள், அது தோலைப் பொசுக்கும். முகத்துக்குப் போடுகிற பவுடர் அரைமணி நேரத்தில் விரலிடுக்கில் களியாகிவிடும், ஒன்றும் செய்யாது.

மருந்து வேண்டிய கால்

இவ்வளவும் செய்து இரண்டு மூன்று வாரம் ஆகியும் குறையவில்லை என்றால் வெளிச்சத்தில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், வேலை முடிந்து சாக்ஸைக் கழற்றிய கையோடு பார்த்தால்தான் தெரியும்.

குதிகாலிலும் முன்பாதத்திலும், உடம்பின் பாரம் இறங்குகிற இடத்தில், தோல் வெளுத்து ஊறிப்போய், புழுதித் தரையில் முதல் தூறல் விழுந்த தடம் மாதிரி பொட்டுப் பொட்டாகக் குழி தெரிகிறதா? சில இடத்தில் குழிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து வரைபடம் மாதிரி ஓரம் காட்டும், தொட்டால் பிசுபிசுக்கும். பெரும்பாலும் வலிக்காது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. இதற்குப் பிட்டட் கெரட்டோலைசிஸ் என்று பெயர், கைட்டோகாக்கஸ் போன்ற பாக்டீரியா தோலின் மேலடுக்கை அரித்துச் செய்கிற வேலை. தாங்க முடியாத நாற்றம் உள்ள நிறையப் பேருக்கு இதுதான் காரணம். டாக்டர் கிளிண்டமைசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்தைக் காலில் தடவக் கொடுப்பார், சில வாரத்தில் குழியும் போகும், நாற்றமும் போகும். வருஷக்கணக்காக டீத்தண்ணியில் காலை வைத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

விரலிடுக்கு வெள்ளையாகிப் பிளந்து அரித்தால் அது பெரும்பாலும் பூஞ்சை, வயலில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு வருகிற சேற்றுப்புண். குளோட்ரிமசோல் அல்லது டெர்பினாஃபின் கிரீம் கேட்கும். அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள், அடுத்த மாசமே திரும்பி வருகிறது. சொன்ன நாள் முழுக்கப் போடுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: மெடிக்கலில் போய் "அரிப்புக்கு ஒரு ட்யூப் கொடுங்க" என்று கேட்டால், பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் கலந்த கிரீமை எடுத்து நீட்டுகிறவர்கள் உண்டு. இரண்டு நாளில் அரிப்பு மாயமாக அடங்கும், உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டிருக்கும். ட்யூபின் பின்னால் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஸ்டீராய்டு பெயர் எழுதியிருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

புண்ணும் இல்லை, குழியும் இல்லை, ஆனால் வியர்வை மட்டும் சொட்டுகிறது, செருப்பே வழுக்குகிறது என்கிறவர்களுக்கு அலுமினியம் குளோரைடு கரைசல் இருக்கிறது. நன்றாகக் காய்ந்த பாதத்தில் ராத்திரி தடவிப் படுத்து, காலையில் கழுவ வேண்டும். வியர்வை குறைந்ததும் வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவையாகக் குறைத்துக்கொள்ளலாம். ஈரக்காலில் தடவினால் எரியும். அதற்கும் கேட்காவிட்டால், தண்ணீரில் காலை வைத்து லேசான மின்சாரம் செலுத்துகிற அயன்டோஃபோரசிஸ் சிகிச்சையும், போடாக்ஸ் ஊசியும் உண்டு. ஊசி சில மாதம்தான் தாங்கும், விலை அதிகம், பாதத்தில் குத்தினால் வலியில் உயிர் போகிற மாதிரி இருக்கும். முதலில் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

சர்க்கரை இருக்கிறவர்கள் மேலே சொன்ன ஊறவைக்கிற வைத்தியம் எதையும் தானாகச் செய்ய வேண்டாம். கால் மரத்துப்போயிருந்தால் சூடும் தெரியாது, புண்ணும் தெரியாது. ஒரு காலில் மட்டும் திடீரென்று நாற்றம் வந்தால், எந்த வயசானாலும் சரி, எங்காவது புண் ஒளிந்திருக்கிறதா என்று அன்றைக்கே யாரையாவது விட்டுப் பார்க்கச் சொல்லி, டாக்டரிடம் போங்கள்.

மருந்து போட்டுத் தோல் சரியானதும் அந்தப் பழைய ஷூ என்ன ஆவது? துணி ஷூ என்றால் துவைத்துக் காய வைத்து, உள்சோலைப் புதுசாக மாற்றிப் போடலாம். உள்ளே நுரைமெத்தை நைந்து கறுத்துப்போன ஷூ என்றால், எவ்வளவு கொடுத்து வாங்கியிருந்தாலும் குப்பைக்குப் போகட்டும். யாருக்காவது ஆகும் என்று எடுத்து வைத்து, சொந்தக்காரப் பையன் காலில் மாட்டிவிடாதீர்கள்.